உதைபந்தா, பேஸ்போலா? மகனை எதில் விடுவது என்று கேட்ட தம்பிக்கு

எங்கள் மாடிக் கட்டடத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் தம்பி ஒருவர் போன கிழமை லிஃப்டுக்குள் வைத்து ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, மகனுக்குப் பதினொரு வயதாகிறது. பள்ளிக்கூடத்தில் உதைபந்துக்கும் ஆள் எடுக்கிறார்கள், பேஸ்போலுக்கும் எடுக்கிறார்கள். எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதில் விடலாம்? நாங்கள் இருந்து பார்க்கிறதுக்கும் எது நல்லது?" லிஃப்ட் ஆறாம் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். பள்ளிக்கூட உதைபந்து அணியில் நாலு வருடம் கோல் காப்பாளராக நின்றேன். பிறகு வேலை விஷயமாக ஜப்பானில் ஒசாக்காப் பக்கம் ஆறு வருடம் இருந்தேன். அங்கே சனிக்கிழமைகளில் கம்பனி ஆட்களோடு பேஸ்போல் ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று எங்கும் சொல்லவில்லை. இடது கைச் சுட்டுவிரல் கோணியிருப்பது உதைபந்தால். வலது முழங்கை மழைக்காலத்தில் நோவது பேஸ்போலால். ஆகவே பக்கச்சார்பு இல்லை.

"விளையாட உதைபந்து, பார்க்கப் பேஸ்போல்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் அது பாதிதான் சரி. இந்த இரண்டு விளையாட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காலால் ஆடுவதா கையால் ஆடுவதா என்பதில் இல்லை. ஒன்றில் முறை கிடையாது, மற்றதில் எல்லாமே முறைதான். வேறு எதைச் சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

முறை என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடும்போது பாதி நேரம் சண்டை நடப்பதே அதற்குத்தானே. "இப்ப என்ர முறை", "நீ போன பின்னேரமும் முதலாவதாகத்தான் அடிச்சனி". உதைபந்தில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. 22 பேர், ஒரு பந்து. 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உருண்டுகொண்டிருப்பது 55, 60 நிமிடம்தான். மிச்சமெல்லாம் வெளியே போன பந்தை எடுத்து வருவதும், விழுந்தவன் எழும்புவதும், நடுவரோடு வாக்குவாதப்படுவதும். அந்த அறுபதை இருபத்திரண்டால் பிரித்துப் பாருங்கள். ஒருவனுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட வரும். அப்படியானால் மற்ற எண்பத்தேழு நிமிடமும் அவன் என்ன செய்கிறான்? பந்தில்லாமல் ஓடுகிறான். பெரிய ஆட்டங்களில் ஒருவர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார் என்று சொல்வார்களே, அந்த ஓட்டத்தில் அநேகமானது பந்துக்குப் பக்கத்திலேயே இல்லாத ஓட்டம். இடம் எடுப்பது, இடம் விடுவது, எதிராளியை இழுத்துக்கொண்டு போவது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது சொர்க்கம். கூச்சமுள்ள பிள்ளைக்கோ ஒளிந்துகொள்ள நல்ல இடம். பந்து வராத பக்கமாகவே பார்த்து ஓடி ஒரு பருவம் முழுவதையும் ஓட்டிவிட்ட பையன்கள் எங்கள் அணியிலேயே இருந்தார்கள். வியர்த்துக்கொட்டும். பயிற்றுநர் "நல்ல உழைப்பு" என்று முதுகில் தட்டுவார். பந்தில் அவன் கால் பட்டிருக்காது.

பேஸ்போலில் இந்தச் சமாளிப்பு நடக்காது. ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஆட்டம் தொடங்க முன்பே யாருக்குப் பின் யார் அடிப்பது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த வரிசை ஒன்பது இன்னிங்ஸும் சுற்றிக்கொண்டே இருக்கும் (மூன்று பேர் அவுட்டானால் ஓர் அணியின் ஓர் இன்னிங்ஸ் முடியும்). கிரிக்கெட்டில் நல்ல துடுப்பாட்ட வீரர் ஒருவர் நாள் முழுக்க நின்று அடிக்கலாம், பதினோராம் ஆள் சப்பாத்தே போடாமல் வீட்டுக்குப் போகலாம். பேஸ்போலில் உலகத்திலேயே சிறந்தவனுக்கும் ஓர் ஆட்டத்தில் நாலைந்து முறைதான் வரும். மோசமானவனுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். உதைபந்தில் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வேண்டுமென்றால் "மெஸ்ஸியிடம் கொடு" என்று கத்தலாம். பேஸ்போலில் அப்படிக் கத்த முடியாது. மாற்று ஆளை இறக்கினால் தவிர, கடைசி நேரத்தில் யாருடைய முறையோ அவன்தான் போய் நிற்க வேண்டும். நடுங்கும் கையோடு உங்கள் மகனாகவும் இருக்கலாம்.

அதோடு, பலகையைப் பாருங்கள். பேஸ்போல் புள்ளிப் பலகையில் ஓர் அணிக்கு மூன்று எண் இருக்கும்: எடுத்த ஓட்டங்கள், அடித்த அடிகள், விட்ட பிழைகள். ஆம், பிழைகளும். பிடிக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிட்டால் அது எல்லாரும் பார்க்கப் பலகையில் ஏறும். இப்படிப் பிழைக்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கும் விளையாட்டு வேறு எங்கே இருக்கிறது? முதலில் எனக்கு இது கொடுமையாகப் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், கோல் காப்பாளராக நான் பட்டதும் இதைத்தான். பத்துப் பேர் விட்ட பிழை மறந்துபோகும். என் கையிலிருந்து நழுவிய ஒன்றைப் பற்றி முப்பது வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வைத்துக்கூடக் கேட்டார்கள். கோல் காப்பாளர் என்பவன் உதைபந்துக்குள் வழிதவறி வந்துவிட்ட பேஸ்போல்காரன் என்று இப்போது நினைக்கிறேன்.

சரி, விளையாடுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

உதைபந்து தொடங்க என்ன வேண்டும்? பந்து ஒன்று. கோலுக்கு இரண்டு செருப்பு. இருபது பேருக்கும் அது போதும். விதிகளில் பதினேழு பிரிவு இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு முதல் நாள் சொல்ல வேண்டியது "கையால் தொடாதே" என்ற ஒன்றுதான். ஓஃப்சைடைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பெரியவர்களுக்கே அது சரியாக விளங்குவதில்லை. அரை மணித்தியாலத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடும். கொழும்பில் இதற்கு ஆளும் உண்டு, இடமும் உண்டு. கொம்பனித்தெருவில் ஜாவா லேன், கொட்டாஞ்சேனை, மருதானை, மட்டக்குளி என்று இந்த நகரத்தில் உதைபந்து தமிழும் முஸ்லிமும் சிங்களமும் கலந்து ஆடும் விளையாட்டு. கிரிக்கெட்டுக்குப் புல்தரை தேவைப்படுகிற இடத்தில் இதற்குச் செம்மண் போதும். இப்போது மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடல்களும் ஊரெல்லாம் முளைத்திருக்கின்றன. ஒபீஸ் பொடியன்கள் இரவு பத்து மணிக்கு அங்கே உதைக்கிறார்கள்.

மழை வந்தால்? உதைபந்துக்கு மழை ஒரு கொண்டாட்டம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் கொழும்பு வானம் கறுத்துக்கொண்டு வருமே, அந்தச் சேற்றுக்குள் சறுக்கி விழுந்து பந்து பிடித்த நாட்கள்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மின்னல் வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும், அதில் விளையாட்டுக் கூடாது. பேஸ்போலோ கிரிக்கெட்டைப் போல மழைக்குப் பயந்தது. பந்து நனைந்தால் எறிபவனின் கையில் நிற்காது, தலைக்கு வந்துவிடும்.

பேஸ்போலைத் தொடங்குவது சிரமம், அதை மறைக்கவில்லை. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் தோல் கையுறை வேண்டும். பின்னால் குந்தியிருந்து பிடிக்கும் கெட்சருக்கு முகமூடி, மார்புக் கவசம், காற்கவசம். அடிப்பவருக்குத் தலைக்கவசம். கொழும்பில் இதெல்லாம் எந்தக் கடையிலும் தொங்குகிற சாமான் இல்லை. முறையான மைதானம் என்று பார்த்தால் ஹோமாகமப் பக்கம் தியகமவில் ஜப்பானின் உதவியோடு கட்டியது ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து அங்கே போய் வருவதற்குள் ஒரு சனிக்கிழமை போய்விடும்.

ஆனாலும் இந்த விளையாட்டு எங்களுக்கு முழுக்கப் புதிது என்று நினைக்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டு வந்தால் ஊரெங்கும் எல்லே ஆடுகிறார்களே, அது என்ன? பக்கத்துக்குப் பதினாறு பேர், மூங்கில் தடி, டெனிஸ் பந்து. அடித்துவிட்டு இடத்துக்கு இடம் ஓடிச் சுற்றிவர வேண்டும், ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டால் ஆள் அவுட். பேஸ்போலின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. பேஸ்போலில் ஓடுகிறவன் மேல் எறியக்கூடாது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட வேண்டும். அவ்வளவு கெட்டிப் பந்து அது. 142 முதல் 149 கிராம் வரை இருக்கும், கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுத்தான் குறைவு. எல்லே ஆடிய பிள்ளைக்குப் பேஸ்போல் பாதி தெரியும்.

கிரிக்கெட் மட்டும் ஆடிய பிள்ளைக்குத்தான் சிக்கல். என் கதையைச் சொல்கிறேன். ஒசாக்காவில் முதல் சனிக்கிழமை. "இலங்கைக்காரர், கிரிக்கெட் தெரியும்" என்று சொல்லி என்னை நாலாவதாக அடிக்க விட்டார்கள். வழக்கமாக மிகப் பலமாக அடிக்கிறவரின் இடம் அது. பிட்சர் எறிந்த இரண்டாவது பந்து வெளியே போனது. எனக்குக் கை சும்மா இருக்குமா? மணிக்கட்டைத் திருப்பி, பந்து கடைசி நேரத்தில் கடந்து போகும்போது மெல்லத் தட்டிவிட்டேன். கெட்சரின் தோளுக்கு மேலால் பந்து பின்வேலி வரைக்கும் போய்விட்டது. கொழும்பு எஸ்.எஸ்.சி. கிரிக்கெட் மைதானமாக இருந்தால் கைதட்டல் வந்திருக்கும், அத்தனை அழகான லேட் கட். துடுப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி தூரம் போனபிறகுதான் ஓடுவது நான் மட்டும் என்று தெரிந்தது. அம்பயர் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நிற்கிறார்: ஃபவுல். பின்னால் போன பந்துக்கு ஓட்டம் இல்லை, அது எனக்கு எதிராக ஒரு ஸ்ட்ரைக், அதாவது ஒரு வாய்ப்பு போய்விட்டது. அதற்கு மேல் துடுப்பை வேறு கையில் பிடித்திருக்கிறேன், அதை அடித்த இடத்திலேயே போட்டுவிட்டு ஓட வேண்டும். அடுத்த இரண்டு பந்தும் காற்றில். மூன்று ஸ்ட்ரைக், திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் புரிந்தது இது. கிரிக்கெட்டில் சுற்றிவர 360 பாகையும் உங்களுடையது. பேஸ்போலில் முன்னால் இருக்கும் 90 பாகை மட்டும். கிரிக்கெட் துடுப்பு தட்டை, 10.8 சென்ரிமீட்டர் வரை அகலம். பேஸ்போல் தடி உருளை, எவ்வளவு தடித்தாலும் 6.6 சென்ரிமீட்டரைத் தாண்டக்கூடாது. உருண்டைப் பந்தை உருளைத் தடியால் நடுவில் அடிக்க வேண்டும், மயிரிழை மேலே பட்டால் தரையில் உருளும், மயிரிழை கீழே பட்டால் வானத்துக்கு ஏறி யாருடைய கைக்காவது போகும். எறிபவர் நிற்பது 18.44 மீட்டரில். அமெரிக்காவின் பெரிய லீக்கில் மணிக்கு 145, 150 கிலோமீட்டரில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைவாக உங்களிடம் வந்துவிடும். பத்து முறையில் மூன்று முறை சரியாக அடித்தாலே அங்கே பெரிய வீரர். 1941இல் டெட் வில்லியம்ஸ் பருவம் முழுக்க ஆயிரத்துக்கு 406 என்ற விகிதத்தில் அடித்தார். அதற்குப் பிறகு அவர் ஆடிய லீக்கில் ஒரு முழுப் பருவத்தில் எவரும் நானூறைத் தொடவில்லை. பத்தில் ஆறு தடவை தோற்றவர்தான் அந்த வில்லியம்ஸ். பிள்ளைகளுக்கு எறியும் தூரமும் ஓடும் தூரமும் குறைவு, பயப்பட வேண்டாம். ஆனால் தோற்றுத் தோற்றுப் பழக வேண்டிய விளையாட்டு என்பதில் மாற்றமில்லை.

காயங்களைப் பற்றித் தாய்மார் கேட்பார்கள். உதைபந்தில் கணுக்காலும் முழங்காலும். பேஸ்போலில் எறிபவரின் முழங்கையும் தோளும். பந்து பட்டால் வீக்கம் இரண்டிலும் உண்டு. பதினொரு வயதில் பிள்ளையை நிறையப் பந்து எறிய வைக்காத பயிற்றுநரா என்று மட்டும் விசாரியுங்கள். வளரும் எலும்பு அது.

இனிப் பார்ப்பதைப் பற்றி. இதில் கொழும்பில் இருக்கிற நமக்கு முதல் பிரச்சினை கடிகாரம். ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்கும். அடுத்த நாள் ஒபீஸில் கண் சிவந்த ஆட்களை எண்ணினால் யார் பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும். அமெரிக்கப் பேஸ்போல் அதற்கு நேர்மாறு. நியூயோர்க்கில் பின்னேரம் ஏழு மணி ஆட்டம் இங்கே விடிய நாலரை. லொஸ் ஏஞ்சலிஸ் ஆட்டமென்றால் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாகத் தொடங்கும், புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு எது வசதி என்று நீங்களே யோசியுங்கள்.

பேஸ்போல் மெதுவானது என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. உண்மையில் பந்து அசைந்துகொண்டிருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் ஓர் ஆட்டத்தில் இருபது நிமிடம்கூட வராது. 2021இல் பெரிய லீக் ஆட்டமொன்று சராசரியாக மூன்று மணி பத்து நிமிடம் இழுத்தது. ஆட்களே சலித்துப்போய், 2023இல் எறிபவருக்குக் கடிகாரம் வைத்தார்கள்: பேஸில், அதாவது ஓடுகிறவர் போய் நிற்கும் இடங்களில், ஆளில்லாவிட்டால் 15 நொடிக்குள் எறிய வேண்டும். ஆட்டம் அரை மணித்தியாலம் குறைந்து இரண்டு மணி நாற்பதுக்கு வந்தது. ஆனாலும் புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு நாற்பதும் அலுப்புத்தான், எதைப் பார்ப்பது என்று தெரியும் வரைக்கும்.

பார்க்க வேண்டியது கணக்கை. ஓர் அடிப்பவருக்கு எதிராக மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவர் அவுட். அடிக்க முடியாத இடத்தில் நாலு பந்து வந்தால் (அப்படி வரும் பந்துக்குப் பெயர் 'போல்') அவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். இந்த இரண்டு எண்ணும் மாற மாற யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால் அடிப்பவர் எதையும் விட முடியாது. மூன்று போல் போய்விட்டால் எறிபவர் நடுவில்தான் போட்டாக வேண்டும். மூன்றும் இரண்டும் ஆகிவிட்டால் இருவருக்கும் தப்ப வழியில்லை. கெட்சர் சமிக்ஞை கொடுக்கும் அந்தப் பதினைந்து நொடியில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். அங்கேதான் எல்லாம் நடக்கிறது.

2023 மார்ச் 22, புதன்கிழமை. எனக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகம். மியாமியில் உலகப் பேஸ்போல் கிளாசிக் இறுதி ஆட்டம், ஜப்பானும் அமெரிக்காவும். எங்கள் வீட்டில் காலை எட்டு மணியிருக்கும். மனைவி கீழே காரில் ஹோர்ன் அடிக்கிறா. நான் ஒரு காலில் சப்பாத்து, மறு காலில் சொக்ஸ், டிவிக்கு முன்னால். ஒன்பதாம் இன்னிங்ஸ், ஜப்பான் 3-2 முன்னால். அதுவரை அடித்துக்கொண்டிருந்த ஷோஹெய் ஓட்டானி, ஓடிச் சறுக்கிய மண் காற்சட்டையோடு வந்து பந்து எறிகிறார். முதல் ஆளை நடக்க விட்டார். இரண்டாம் ஆள் தரையோடு அடித்த ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஓர் ஆள்தான். முறை யாருடையது? மைக் ட்ரௌட். அமெரிக்காவின் தலைவர், அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த அடிகாரர்களில் ஒருவர், அதற்கு மேல் அப்போது லீக்கில் ஓட்டானியோடு ஒரே அணியில் ஆடியவர். கதை எழுதுபவன் இப்படி எழுதினால் "நம்பும்படி எழுது" என்று திருப்பி அனுப்புவார்கள். யாரும் திட்டமிடவில்லை, வரிசை சுற்றிச் சுற்றி வந்து அங்கே நின்றது. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் பந்துகள் வந்தன. மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக். ஆறாவது பந்து நடுவில் வருவதுபோல வந்து கடைசியில் வெளியே வளைந்து ஓடியது. ட்ரௌட் சுற்றினார், காற்று. ஓட்டானி தொப்பியையும் கையுறையையும் கழற்றி வீசினார். நான் சொக்ஸ் காலோடு லிஃப்டுக்கு ஓடினேன்.

உதைபந்தில் இந்த அனுபவம் கிடைக்காது. கிடைப்பது வேறொன்று. அதே பருவத்தில், 2022 டிசம்பர் 18, உதைபந்து உலகக் கிண்ண இறுதி ஆட்டம், ஆர்ஜென்டினாவும் பிரான்ஸும். மின்வெட்டு எப்போது வருமோ என்ற பயத்தோடு நாடே இருந்த வருடம் அது. முதல் பாதி முழுக்க பிரான்ஸ் ஒரு தடவைகூடக் கோலை நோக்கி அடிக்கவில்லை. ஆர்ஜென்டினா முன்னணியில் நிற்க, எழுபத்தொன்பது நிமிடம் ஆட்டம் முடிந்த மாதிரித்தான். எங்கள் வீட்டில் ஒருவர் எழும்பிப் பிளேன்டீ போடப் போனார். எண்பதாம் நிமிடம் எம்பாப்பே பெனல்டியில் ஒன்று, இரண்டு நிமிடம் போகவில்லை, இன்னொன்று. தேத்தண்ணியோடு வந்தவர் "இது மறுஒளிபரப்பா?" என்று கேட்டார். பேஸ்போலில் ஆபத்து எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும், பேஸில் எத்தனை ஆள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். உதைபந்தில் அது முன்னறிவிப்பு இல்லாமல் வரும். அதனால்தான் 0-0 ஆக இருந்தாலும் இருந்த இடத்தை விட்டு எழும்ப மனம் வருவதில்லை.

அந்த உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டத்தில் 172 கோல், ஆட்டத்துக்கு மூன்றுகூட வராது. கோல் அரிதாக இருப்பதால் ஒரு தற்செயல் எல்லாவற்றையும் புரட்டிவிடும். அதே ஆர்ஜென்டினா முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் தோற்றதே. பேஸ்போலிலும் ஓர் ஆட்டத்தில் யாரும் யாரையும் வெல்லலாம், ஆனால் அதை அவர்கள் ஒத்துக்கொண்டு ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம் வைத்திருக்கிறார்கள். நூறு ஆட்டம் வென்ற அணி பெரிய அணி. அதுவும் அறுபத்திரண்டில் தோற்றிருக்கும். அதனால் பேஸ்போல் ரசிகருக்குத் தோல்வி ஒரு நாள் மழை மாதிரி, குடையை மடக்கிவிட்டு அடுத்த நாள் வருவார். உதைபந்து ரசிகர் ஒரு கிழமைக்கு வீட்டில் யாரோடும் கதைக்கமாட்டார்.

நேரத்தைக் கடத்துவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உதைபந்தில் முன்னணியில் இருக்கிற அணி கடைசிப் பத்து நிமிடம் என்ன செய்யும் என்று உலகத்துக்கே தெரியும். நானே செய்திருக்கிறேன்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சப்பாத்து நாடாவைக் கட்டுவது, வராத காற்றுக்குக் காத்திருப்பது. இப்போது எட்டு நொடிக்கு மேல் கோல் காப்பாளர் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்ணர் கொடுக்கலாம் என்று 2025இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். என் காலத்தில் அந்த விதி இருந்திருந்தால் எங்கள் பள்ளிக்கூடம் இரண்டு ஆட்டம் கூடத் தோற்றிருக்கும். பெரிய லீக் பேஸ்போலில் பத்து ஓட்டம் முன்னால் நின்றாலும் எதிரணிக்குரிய 27 அவுட்டையும் நீங்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும். எதிராளிக்கு அவன் முறையைக் கொடுக்காமல் வெல்ல வழியில்லை.

ஆனால் டிவி வேறு, நேரில் வேறு. நேரில் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பில் உதைபந்துக்குத்தான் வாக்குப் போடுவேன். 1995இல் சுகததாச அரங்கில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்த நாடு இது, இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 2021 நவம்பரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சீஷெல்ஸ் அணியிடம் பெனல்டியில் கிண்ணத்தை விட்டபோது கூட்டம் எப்படி இருந்தது தெரியுமா? பிறகு 2023இல் நிர்வாகச் சிக்கலால் ஃபிஃபா எங்களை ஏழு மாதம் தடை செய்து வைத்திருந்ததும் உண்மைதான். மேலே எவ்வளவு குழப்பம் இருந்தாலும் கீழே பள்ளிக்கூட ஆட்டங்களுக்கும் கழக ஆட்டங்களுக்கும் ஆள் வருகிறது. கடலைக்காரர் வருகிறார், பழைய ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று மொழியிலும் ஏசுகிறார்கள்.

பேஸ்போலை நேரில் பார்ப்பதென்றால் ஜப்பானுக்குப் போக வேண்டும், இங்கே அந்தக் கூட்டம் கிடையாது. ஒகஸ்ட் வெயிலில் கோஷியென் மைதானத்தில் உயர்தரப் பள்ளிக்கூடங்களின் போட்டி நடக்கும், 1915இல் தொடங்கியது. தோற்ற அணிப் பையன்கள் அழுதுகொண்டே குந்தியிருந்து மைதான மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அதே மைதானத்தைச் சொந்த இடமாகக் கொண்ட ஹன்ஷின் டைகர்ஸ் 1985இல் வென்றபோது ரசிகர்கள் ஒரு கோழிப்பொரியல் கடையின் வாசலில் நின்ற கிழவனார் சிலையைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டார்கள். பிறகு 2023 வரைக்கும் அந்த அணி ஜப்பான் கிண்ணத்தை வெல்லவே இல்லை. சிலையின் சாபம் என்று பல்கலைக்கழகம் படித்தவர்களே முகம் மாறாமல் சொன்னார்கள். எங்கள் ஊர்க் கண்ணூறு நம்பிக்கையை நான் பிறகு குறை சொல்வதில்லை.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். அவன் லிஃப்டில் என்னைக் கண்டால் உங்களுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. எல்லாரும் உதைபந்தில் விடச் சொல்வார்கள், நாலு பேரோடு சேருவான் என்று. சேருவான்தான். ஆனால் பந்து வராத பக்கம் ஓடவும் பழகிவிடுவான் என்பது என் பயம். பேஸ்போலில் அவனுக்கு முறை வந்தே தீரும். வரிசையில் இருக்கும் வரைக்கும் யாரும் தட்டிப் பறிக்க முடியாது, அவனே கொடுத்துவிடவும் முடியாது. ஆகவே நான் பேஸ்போலுக்கே அனுப்புவேன், கிழமையில் ஒரு பின்னேரம் ஒழுங்கைப் பிள்ளைகளோடு பந்து உதைக்கவும் விடுவேன். இரண்டு மாதத்தில் அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், உதைபந்து எங்கேயும் ஓடிப்போகாது.

கையுறை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வலக்கையால் எறிகிற பிள்ளைக்குக் கையுறை இடது கையில் வர வேண்டும். எறிகிற கை சும்மா இருக்க வேண்டும் அல்லவா? இதை மாற்றி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். புதுத் தோல் தகரம் மாதிரி விறைப்பாக இருக்கும், மூடவே மூடாது. உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் எண்ணெய் பூசி, நடுவில் ஒரு பந்தை வைத்து, சுற்றிவரக் கயிற்றால் கட்டி, இரவில் மெத்தைக்கு அடியில் வையுங்கள். ஒரு கிழமை போதும். கட்டி முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடிக்கு இருவரும் வாருங்கள், என்னிடம் பழைய கையுறை ஒன்று இருக்கிறது. முழங்கை நோகாத அளவுக்கு எறிகிறேன்.